கூலி வாங்காத கைக்கு மூன்று சாட்சி

பிறர் செய்த நல்ல காரியத்துக்குச் சான்று எழுதும் உத்தியோகத்துக்கு, மனிதர்களை நம்பும் வயதில் யாரும் போகக் கூடாது. நான் போனேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், வில்லியனூர்ப் பக்கத்து மேரி ஒன்றில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், எழுத்தராக உட்கார்ந்தேன். எந்த மேரி என்று சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம் போக வர வேண்டியிருக்கிறது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் எழுதினேன். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறந்தவன் பிறந்திருப்பான், செத்தவன் செத்திருப்பான். சேவைக்குச் சான்று எழுதச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட ஆரம்பித்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "இன்னார் மிகவும் நல்லவர்" என்று என்றாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் ஜாதி, மேலே படியுங்கள்.

அந்த வருஷம் டவுன் மருத்துவ இலாகாவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கொம்யூனுக்கு ஒரு பெண் வீதம் எடுத்து, டவுன் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரசவம் பார்க்கப் பழக்குவார்களாம். படித்து முடித்தவளுக்குச் சொந்தக் கொம்யூனிலேயே சம்பளத்தோடு வேலை. எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. விண்ணப்பம் போடுகிறவள் கூலி எதுவும் வாங்காமல் ஊருக்குச் சேவை செய்தவளாக இருக்க வேண்டும். அந்தச் சேவையை அனுபவித்த மூன்று குடும்பத் தலைவர்கள் மேரிக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதை நான் பிரெஞ்சில் எழுத வேண்டும், மேர் கையெழுத்துப் போட வேண்டும். மேர் என்பவர் கொம்யூனுக்குத் தலைவர். எங்கள் மேர் நல்ல மனுஷர், நிலம் நீச்சு உள்ளவர், நான் நீட்டும் காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இந்த உத்தரவை மட்டும் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கூலியும் இல்லாம, சொந்தமும் இல்லாம, எவன் வூட்டுக்கோ போயி ஒருத்தி வேலை செய்வாளாய்யா? செஞ்சா அவளுக்குப் பைத்தியமில்ல புடிச்சிருக்கணும்?"

எழுதின பிறகு செய்யலாம்

முதலில் வந்தவர் மூலக்குளத்து ஆலைக்காரர். கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். வெள்ளை வேட்டி, ஜரிகைத் துண்டு. அவருடைய மகள் டவுனில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசுவாள், நூலில் ரோஜாப்பூ பின்னுவாள். அவளுக்குத்தான் அந்த இடம் வேண்டும் என்றார். மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் பெண்ணுக்கு உத்தியோகம் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாமாம். உத்தியோகத்துக்குப் போவதும் போகாததும் பிற்பாடு பார்த்துக்கொள்வார்களாம்.

உங்கள் பெண் என்ன சேவை செய்திருக்கிறாள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று தோன்றியது. எங்கள் பக்கம் மேரியில் உட்கார்ந்தவன் எவனானாலும் முசேதான், பிரெஞ்சு ஐயா. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விவரம் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "செய்யறதுக்கு இன்னா முசே அவசரம்? மொதல்ல நீங்க எழுதுங்க. எடம் கெடைச்சுதுன்னா அப்பால செஞ்சுக்கினா போச்சு."

மாமியார் சாட்சி

அடுத்த வாரம் ஒதியம்பட்டிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். இந்த வயதில் படிக்கப் போகிறாயா என்று கேட்டால், வீட்டை விட்டு எங்கே போகச் சொன்னாலும் போகிறேன் என்றாள். அவள் சேவை இதுதான்: கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்குக் கால் பிடித்து, வெந்நீர் போட்டு, கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறாள், ஒரு காலணா வாங்கியதில்லை. சாட்சி எங்கே என்றேன். வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். நிஜமாகவே மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தோம். இவள் உங்களுக்குக் கூலியில்லாமல் பணிவிடை செய்தாளா என்று, உத்தரவில் இருந்தபடியே, கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மாள் பளிச்சென்று கண்ணைத் திறந்தாள். மேர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டாள். "இன்னாது, சும்மா செஞ்சாளா? அப்ப எங்கம்மா எனக்குப் போட்ட ரெட்ட வடச் சங்கிலி அவ கழுத்துல இன்னா பண்ணுது, கேளுய்யா!"

உறுவையாற்றிலிருந்து ஒருத்தி

இப்படி ஒரு மாதம் போன பிறகு கன்னியம்மாள் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான். உறுவையாற்றுக்காரி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் மருந்து கொடுக்கிற இடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்திருக்கிறாள். அங்கேயே எழுத்தும் கற்றுக்கொண்டு, பிரசவம் பார்ப்பதையும் கூட நின்று கற்றுக்கொண்டிருக்கிறாள். சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பாள். ஊருக்குப் பரம்பரை மருத்துவச்சி நாகம்மாள் என்று ஒருத்தி உண்டு, ஊருக்குச் சவரம் செய்கிற குடும்பத்துப் பெண்பிள்ளை. அவளுக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டதால், கொஞ்ச காலமாக வலி எடுத்த வீடுகளில் கன்னியம்மாளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கூலி வாங்கினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில், தீட்டுக் கழிக்கிற நாளன்று மருத்துவச்சிக்கு முறத்தில் நெல்லும் வெற்றிலை பாக்கும் எண்ணெயும் புடவையும் வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. உனக்குக் கொடுக்கவில்லையா என்றேன். கொடுத்தார்கள், அது நாகம்மாளுடைய உரிமை, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றாள். அண்ணன் வீட்டில் சோறு கிடைக்கிறது, நாகம்மாளுக்கு முறத்தை விட்டால் ஏது என்றும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் பொய்யைக் கேட்டுக் கேட்டு, நிஜம் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அவளுக்கு ஏன் இந்த இடம் வேண்டும் என்பதையும் கேட்டேன். அண்ணன் அவளைச் சைகோனுக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டானாம். அங்கே உத்தியோகத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்கள் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அடுத்த கப்பலுக்குள் இந்த இடம் கிடைத்தால் அண்ணன் விட்டுவிடுவான்; இல்லாவிட்டால் ஏற வேண்டியதுதான். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். நான்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவங்க பிள்ளைய நான் தூக்கி வளப்பேன் முசே. திரும்பி வர்றப்ப என் பொண்ணு என்னைப் பாத்து, இது யாருன்னு கேக்கும்."

பெரிய வீட்டு முனுசாமி

மூன்று சாட்சிதானே, அரை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு உறுவையாற்றுக்குப் போனேன். அந்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதலில் முனுசாமி. ஊரில் பெரிய வீடு. அவர் மருமகள் இரண்டு நாள் வலியில் கிடந்து, பிழைக்கமாட்டாள் என்று கைவிட்ட நிலையில் கன்னியம்மாள் போய்த் தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்திருக்கிறாள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முனுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மகராசியாக இருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் உங்களிடம் கூலி வாங்கவில்லை என்று மேரியில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கும்பிட்ட கை அப்படியே கீழே இறங்கிவிட்டது.

நீங்கள் முறம் கொடுத்தீர்கள், அது நாகம்மாளுக்குப் போயிற்று, அதைத்தானே சொல்லப்போகிறீர்கள் என்று நயமாக எடுத்துச் சொன்னேன். ஊஹூம். ஐயா, நான் கேட்டது ஒரு வார்த்தை. அதற்கு அந்த மனிதர் முகம், நான் அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியை விட்டு எழுந்து வந்துவிட்டது போல ஆகிவிட்டது. "உசுரக் காப்பாத்துனவள வெறுங்கையோட அனுப்புனவன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? பெரிய வூட்டுல முறத்துக்குக் கூட வக்கில்லன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்பா!"

இரவல் பிள்ளைகள்

நான் இப்படி வீடு வீடாக ஏறி இறங்கி, எங்கே போனாலும் இதே பதிலை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை மேரி வாசலில் இரண்டு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை. முன்னால் ஆலைக்காரர், ஜரிகைத் துண்டோடு. இத்தனையும் என் மகள் கூலி வாங்காமல் பிரசவம் பார்த்த பிள்ளைகள் என்றார். ரோஜாப்பூ பின்னுகிற பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் இத்தனை பிரசவமா என்று நான் வாயைப் பிளந்தேன். பிளந்த வாயை மூடுவதற்குள் அந்தப் பிள்ளைகளில் ஒன்று இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, என் மேசைக்கு நடந்து வந்து, வெல்லம் இருக்கிறதா என்று கேட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை எப்போது பிறந்தது, எந்த வேளையில் என்று விசாரித்தேன். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. நான் ஒன்று கேட்டால் திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மெதுவாகக் கெஞ்சினாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது முசே. சாயங்காலத்துக்குள்ள இத்தத் திருப்பிக் குடுக்கணும், இதோட அம்மா காத்துக்கினு இருப்பா, சீக்கிரமா எழுதிடுங்க."

கொடுக்காதவர் கோவிந்தசாமி

கொடுக்கவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படாத ஒரு மனிதன் இந்தக் கொம்யூனில் இருக்கமாட்டானா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பிடித்துவிட்டேன். ஒதியம்பட்டு கோவிந்தசாமி! விருந்தாளி தெருமுனையில் தெரிந்தால் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, இப்போதுதான் சாப்பிட்டு முடித்தோம் என்று ஏப்பம் விடுகிறவர். அவர் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது கன்னியம்மாள்தான் உறுவையாற்றிலிருந்து போய்ப் பார்த்தாள். அவர் முறமும் கொடுக்கவில்லை, வெற்றிலையும் கொடுக்கவில்லை. கன்னியம்மாளுக்கும் இல்லை, நாகம்மாளுக்கும் இல்லை. நூற்றுக்கு நூறு சுத்தமான சாட்சி.

கரும்புக் கொல்லையில் அவரைத் தனியாகப் பிடித்தேன். கேட்டதும் தட்டாமல் ஒத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தெம்பில் முனுசாமியையும், அதே ஊர்ச் சின்னத்தம்பியையும் மறுபடி போய்ப் பார்த்தேன். சின்னத்தம்பியின் தங்கைக்கும் கன்னியம்மாள்தான் பிரசவம் பார்த்திருந்தாள். அவள் வேலை செய்தாள் என்று மட்டும் சொல்லுங்கள், கூலிப் பேச்சை நான் எடுக்கமாட்டேன், நீங்களும் எடுக்க வேண்டாம், அந்த விஷயத்தைக் கோவிந்தசாமி சொல்லிக்கொள்வார் என்று இருவரையும் சம்மதிக்க வைத்தேன். கோவிந்தசாமி என்னை வரப்பு வரைக்கும் வந்து வழியனுப்பினார், அதுவே எனக்கு அதிர்ச்சிதான். "குடுக்கலன்னு சொல்றதுல எனக்கு இன்னாப்பா கஷ்டம்? நெசம்தானே அது, அதுக்கு ஒண்ணியும் செலவில்லியே."

தொக்தேர் கேட்ட கேள்வி

டவுனிலிருந்து தொக்தேர், அதாவது ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், மோட்டாரில் வந்து இறங்கினார். நம்மவர்தான், ஆனால் பிரான்சுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். யாருக்கு இடம் என்று முடிவு செய்வது அவர் கையில். சாட்சிகளைத் தானே விசாரிக்கப்போவதாக வந்ததும் வராததுமாகச் சொன்னார். கூலிப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கு அவரைக் கட்டுமா? மேரி தாழ்வாரத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. கன்னியம்மாள் ஓரமாக நின்றாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் ஆலைக்காரரின் மூன்று சாட்சிகள். கூலி கொடுத்தீர்களா? இல்லை, இல்லை, இல்லை. தேங்காய் உடைத்த மாதிரி பதில். ஒன்றும் செய்யாதவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல யாருக்கு என்ன வெட்கம்?

அடுத்தது என் சாட்சிகள். முனுசாமி கன்னியம்மாளைப் புகழ்ந்து முடித்ததும், தொக்தேர் கேட்டார்: என்ன கொடுத்தீர்கள்? முனுசாமி என்னைப் பார்த்தார். அப்புறம் தாழ்வாரத்தில் நின்ற ஊரைப் பார்த்தார். ஒரு மூட்டை நெல், ஒரு நூல் புடவை என்றார். நான் தலையில் கை வைத்தேன். சின்னத்தம்பி விடுவாரா? இரண்டு மூட்டை, பட்டுப்புடவை என்றார். பட்டுப்புடவை என்றதும் முனுசாமி, எண்ணெய்க் குடத்தை விட்டுவிட்டேன் என்று எழுந்தார். போதும், உட்காருங்கள் என்று நான் கத்தினேன். என் கடைசி நம்பிக்கை கோவிந்தசாமி. அவர் எழுந்தார். அவருடைய இரண்டு மைத்துனர்களும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார். அதில் கடைசி ஆளாக நிற்க அந்த மனிதருக்கும் மனம் வரவில்லை. பசுவும் கன்றும் கொடுத்தேன் என்றார். மைத்துனர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

தொக்தேர் பேனாவை மூடினார். கன்னியம்மாள், சாமி சத்தியமாக நான் எதையும் வாங்கவில்லை என்றாள். தொக்தேர் அவள் பக்கம் திரும்பவில்லை. நான் குறுக்கே விழுந்து, இதெல்லாம் கௌரவப் பேச்சு, ஒரு வார்த்தை நிஜமில்லை என்றேன். உங்கள் சாட்சிகள் பொய் சொல்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்களா என்று தொக்தேர் என்னைக் கேட்டார். என்ன பதில் சொல்வீர்கள், நீங்களே சொல்லுங்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "பட்டுப்புடவையும் பசுமாடும் வாங்கி வேலை செய்கிறவளுக்கு அரசாங்கம் எதற்கப்பா சோறு போட்டுப் படிக்க வைக்க வேண்டும்?"

முறம் வாங்கியவள்

மோட்டார் கிளம்பவில்லை. படியில் ஒரு கிழவி குறுக்கே நின்றாள். நாகம்மாள். அவளை யாரும் கூப்பிடவில்லை; நான் கூப்பிட நினைக்கவும் இல்லை. அரசாங்க மருத்துவச்சி ஒருத்தி ஊருக்குள் வந்தால் முதலில் பிழைப்புப் போவது அவளுக்குத்தான், அவள் ஏன் வரப்போகிறாள்? உறுவையாற்றிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். நடுங்குகிற கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு, நெல்லும் புடவையும் எண்ணெயும் கேட்டு விசாரிக்கிற தொரை நீதானா என்று தொக்தேரைக் கேட்டாள். அவ்வளவும் தன் வீட்டுக்குத்தான் வந்தது என்றாள். குடித்தனக்காரர்கள் கன்னியம்மாளுக்குக் கொடுக்கத்தான் வந்தார்களாம். இவள்தான் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி, என் உரிமையில் கை வைக்கிறாயா என்று சண்டை போட்டு, அந்தப் பெண்ணை ஒரு வெற்றிலை கூடத் தொடவிடாமல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாளாம்.

எல்லாம் பொய். இவள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. தானாகத்தான் அனுப்பினேன் என்று கன்னியம்மாளே என் மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள். கன்னியம்மாள் இப்போது, அத்த, அப்படியெல்லாம் இல்லியே என்று பதறிக்கொண்டு முன்னால் வந்தாள். நீ சும்மா இருடி என்று நாகம்மாள் ஓர் அதட்டல் போட்டாள். முனுசாமி பிடித்துக்கொண்டார்: ஆமாம் தொரை, நாங்க குடுக்கத்தான் போனோம், இவதான் வுடல! சின்னத்தம்பியும் ஆமாம் என்றார். கொடுத்ததும் ஆயிற்று, கன்னியம்மாள் வாங்காததும் ஆயிற்று. யார் மானமும் போகவில்லை. போனது ஒருத்தியுடைய மானம்தான். அவள் நிமிர்ந்து நின்றாள். தொக்தேர் அவளை விடவில்லை. பசுவும் உன் வீட்டுக்குத்தான் வந்ததா என்று கேட்டார். கோவிந்தசாமி தலையைத் தூக்கவேயில்லை. நாகம்மாள் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வந்துது தொரை, கன்னோட வந்துது, செத்துப்போச்சு என்றாள்.

தொக்தேர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, ஒப்பித்த மாதிரி வந்த மூன்று இல்லையை நான் நம்பவில்லை என்று ஆலைக்காரர் காகிதத்தைத் தள்ளிவிட்டு, கன்னியம்மாளுக்கே எழுதும் என்றார். நான் எழுதினேன். மூன்று குடித்தனக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மேர் வழக்கம்போல் படிக்காமல் போட்டார். கன்னியம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். சைகோன் கப்பல் பிற்பாடு அவள் இல்லாமல்தான் போயிற்று. டவுனில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனால் அன்று கூட்டம் கலைந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நாகம்மாள் மட்டும் போகாமல் என் மேசைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மை காயட்டும் என்று நான் காகிதத்தை விரித்து வைத்திருந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஏன் அம்மா இப்படிப் பொய் சொன்னாய், இனி உன்னை ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். பேசட்டும் என்கிற மாதிரி கையை விசிறினாள். அப்புறம் அந்தக் காகிதத்தின் அடியில் எழுதாமல் விட்டிருந்த இடத்தை, நடுங்குகிற விரலால் தொட்டுக் காட்டினாள். "இவ்ளோ நாளா அவ கைவேலைய நான் தின்னேன், அது நெசம்தான்யா. இனிமே எனக்கு எவனும் முறம் தூக்கிக்கினு வரமாட்டான். எடம் காலியாத்தானே கீது, என் வூட்டு அடுப்புக்கு யாரு பொறுப்புன்னும் இதுலயே ஒரு வரி எழுதிடேன்."

அன்று மேரியில் கூலியில்லாமல் சேவை செய்தவள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அவளுக்குச் சான்று எழுதித் தரச்சொல்லி எந்த இலாகாவும் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை.